குளம் தொட்ட குடியும் துணை நின்ற அரசும்

திருக்கோயிலும் திருக்குளமும் பிரிக்கவொண்ணாதவை என்பதை அன்பர்கள் நன்கறிவர். கடல் கடந்து வந்த நம் முன்னோர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எழுப்பிய ஆலயங்கள் பலவற்றில் இடநெருக்கடி காரணமாகக் குளம் அமையவில்லை. எனினும் தீர்த்தவாரி, தெப்பத் திருவிழா, குடமுழுக்குக்குரிய கலசநீர் என நீரைச் சுற்றியே நம் வழிபாடு இயங்கி வருகிறது. வள்ளுவப் பெருந்தகையும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார்.

கோயிற்குளத்தைப் பற்றியும் ஊர் ஏரியைப் பற்றியும் விழா மலர்களில் பல கட்டுரைகள் வந்துள்ளன. ஆனால், ஒரு குடியானவர் தம் சொந்த நிலத்தில் குளம் வெட்ட எண்ணி, அதன் பொருட்டு அரசின் துணையை நாடிய வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. அவ்வரலாறு நெடியது, சிக்கல் நிறைந்ததும்கூட. நிலம் ஒருவருடையது. நீரோ வானம் தருவது. மண்ணுக்குள் இறங்கிய பின் வேலியையும் வரப்பையும் அது அறியாது. அவ்வாறிருக்க, ஒருவருடைய நிலத்தில் அமையும் குளத்துக்குப் பொதுப்பணம் தருவது முறையா? தருவதாயின் எந்நிபந்தனையின் மேல்? இவ்வினா இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழகத்திலும் பாரத நாட்டின் பிற பகுதிகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் எழுந்துகொண்டேயிருக்கிறது.

சங்க காலத்திலேயே இதற்கு ஒரு தொடக்கம் காணலாம். பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய பாடல் புறநானூற்றில் 18ஆவதாக இடம்பெற்றுள்ளது. மறுமைச் செல்வமும், உலகை வெல்லும் ஆற்றலும், அழியாப் புகழும் வேண்டுமாயின், பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கி வைப்பாயாக என்பது அப்புலவரின் அறிவுரை. வானத்தையே நம்பிக் கிடக்கும் நிலம் எத்துணைப் பரந்ததாயினும் அரசனுக்குப் பயன்படாது என்பதையும் அவர் தயங்காது எடுத்துரைத்தார். பரிசில் வேண்டி அரசனை நாடிய புலவர்கள் பலர். இவரோ நீர்நிலை வேண்டினார். இன்றைய அலுவலக மொழியில் கூறுவதாயின், இதை ஒரு கோரிக்கை மனு எனலாம்.

பிற்காலத்துச் செப்பேடுகளை நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகளில், கொடை பெற்றோர்க்கு வழங்கப்பட்ட உரிமைகள் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம், கிணறும் துரவும் தோண்டலாம், தென்னை வைக்கலாம், வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சலாம் என்றெல்லாம் அவை கூறும். இவற்றை எழுத்தில் வழங்க வேண்டியிருந்தது என்பதே கருதத்தக்கது. தன் நிலத்தில் தோண்டுவதற்கும் அரசனுடைய இசைவு ஒரு சலுகையாகக் கருதப்பட்டது என்பது இதனால் விளங்கும். அரசு செய்த முதல் உதவி பொற்காசு அன்று, அனுமதியே ஆகும்.

ஊர்ப் பொது ஏரிகளுக்கோ வேறு ஏற்பாடு இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குறிப்பிடும் ஏரிவாரியம் பலரும் அறிந்ததே. ஏரியின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அது பொதுச்சொத்து, பொதுப்பொறுப்பு. ஆகவே அங்கே நம் வினாவுக்கு இடமில்லை.

விசயநகரப் பேரரசின் காலத்தில்தான் தனியார் முயற்சியும் அரசின் துணையும் முறையாகக் கைகோத்தன. இன்றைய கடப்பை, அனந்தப்பூர், சித்தூர், கோலார் பகுதிகளில் ‘தசபந்தம்’ என்றொரு மானியம் வழக்கிலிருந்தது. ஒருவர் தம் சொந்தச் செலவில் குளமோ ஏரியோ கட்டினால், அல்லது உடைந்ததைச் செப்பனிட்டால், அதன் பாசனத்துக்குட்பட்ட நிலத்தில் ஒரு பகுதியோ, அதன் வருவாயில் ஒரு பங்கோ அவருக்கு மானியமாக விடப்படும். ‘தச’ என்பது பத்தைக் குறிப்பதால், பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கிலிருந்து இப்பெயர் தோன்றியது எனக் கொள்வர். அரசர் மட்டுமன்றிக் கோயில் நிருவாகத்தாரும் கோயில் நிலங்களில் குளம் வெட்டியோர்க்கு இவ்வகை மானியம் அளித்தனர்.

இம்முறையின் நுட்பம் எண்ணத்தக்கது. அரசு முன்பணம் எதுவும் தரவில்லை. குளம் கட்டி, அதில் நீர் நின்று, நெல் விளைந்த பின்னரே மானியத்துக்குப் பயன் உண்டு. கட்டியவர் கரையைக் கவனியாது விட்டால் விளைச்சல் குன்றும். அவருடைய பங்கும் குன்றும். குளத்தைப் பேணும் வரையில்தான் மானியம் என்பதும் நிபந்தனை. பிற்காலத்தில் 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டு மானியங்கள் யாவும் ஆராயப்பட்டபோதும், தசபந்த மானியங்கள் பேணுதற்கடமையோடு இணைந்தவையாகவே கருதப்பட்டன. உதவித்தொகையை வாங்கிக்கொண்டு குளத்தை மறந்துவிடும் வாய்ப்பு இம்முறையில் மிகக் குறைவு. பிற்கால அரசுகள் பல சட்டங்கள் இயற்றியும் எட்ட முடியாத ஒன்றை அக்காலத்தார் ஒரு பங்குக் கணக்கால் எட்டினர் எனத் தோன்றுகிறது.

பொருளாதாயம் ஒன்றே மக்களைக் குளம் வெட்டத் தூண்டியது என எண்ணுதல் தவறு. ஒருவர் விட்டுச் செல்லும் ஏழு வகைச் சந்தானங்களில் குளமும் ஒன்றாக அக்காலத்தில் எண்ணப்பட்டது. மகன், நிதி, கோயில், சோலை, நூல், அக்கிரகாரம் ஆகியவற்றோடு குளமும் ஒரு பிள்ளை! காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலமும் குளம் தோண்டுதலைச் சுவர்க்கம் செல்வதற்குரிய ஐந்து அறங்களுள் ஒன்றாக வைத்தது. திருமலை திருப்பதியில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அன்பர்கள் செலுத்திய பொன்னும் பணமும் கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதற்குச் செலவிடப்பட்டன என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அதனால் மிகுந்த விளைச்சலைக் கொண்டே அவ்வன்பர் பெயரால் நாள்தோறும் திருவமுது படைக்கப்பட்டது. கொடை உண்டியலில் உறங்காமல் வயலுக்குச் சென்று, நெல்லாகி, மீண்டும் இறைவன் திருமுன் வந்து சேர்ந்தது.

அக்காலத்தார் குளம் அமைத்தலை எத்துணை அறிவோடு அணுகினர் என்பதற்குக் கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ளாவில் உள்ள கல்வெட்டு சான்று பகரும். முதலாம் புக்கரின் மைந்தரும் உதயகிரிப் பகுதியை ஆண்டவருமான பாஸ்கர பவதூரர் அங்கே எடுத்த பேரேரியைப் பற்றி, கி.பி. 1369ஆம் ஆண்டுக்குரிய இக்கல்வெட்டு விரிவாகப் பேசுகிறது. நாள்தோறும் ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் ஈடுபட்டு, இரண்டு ஆண்டுகளில் அவ்வேரி முடிந்ததாம். அஃது அரசகுமாரன் எடுத்த ஏரியே; தனியாருடையது அன்று. எனினும் அக்கல்வெட்டில் உள்ள ஒரு பட்டியல் நம் பொருளோடு நேரே தொடர்புடையது. நல்லதோர் ஏரிக்குப் பன்னிரண்டு அங்கங்கள் வேண்டும் என்று கூறும் அப்பட்டியலின் முதல் அங்கம் நீர் அன்று, கல் அன்று, மண்ணும் அன்று. அறவழி நிற்கும், செல்வமும் புகழ் வேட்கையும் உடைய அரசன்! நீர்நூல் வல்லோன் அடுத்த அங்கம். கெட்டியான மண், இனிய நீருடைய ஆறு, மலைச்சரிவு, திண்ணிய கற்கரை, ஆழ்ந்தகன்ற உட்பகுதி, கல் எடுக்கும் இடம், கைதேர்ந்த வேலையாட்கள் முதலியன அவற்றின் பின்னரே வருகின்றன.

அங்கங்களைக் கூறியதோடு நில்லாமல் ஆறு குற்றங்களையும் அக்கல்வெட்டு எடுத்துரைக்கிறது. கரையில் நீர் கசிதல், உவர்மண், ஏரியின் நடுவே மேடு, நீர் சிறிதாய்ப் பாசன நிலம் பெரிதாதல், நீர் மிகுந்து நிலம் சிறிதாதல் ஆகியவை ஐந்து. எஞ்சிய ஒன்றுதான் வியப்புக்குரியது. இரண்டு நாடுகளின் எல்லையில் ஏரி அமைதலும் ஒரு குற்றமாம்! கசிவும் உவரும் மண்ணின் குற்றங்கள். எல்லையோ மனிதர் வகுத்தது. ஒருவர் தேக்கிய நீருக்கு மற்றொருவர் உரிமை கோரும் இடத்தில் கரை எத்துணை உறுதியாயினும் ஏரி நிலைக்காது என்பதை அந்நாளையத் தச்சரும் அரசரும் உணர்ந்திருந்தனர். இரு நாடுகளின் எல்லைக்குப் பொருந்தும் இக்கருத்து, இரு பட்டாதாரர்களின் வரப்புக்கும் பொருந்தக் காண்கிறோம்.

பேரரசுகள் மறைந்தன. கும்பினி ஆட்சியில் வரி வசூலே முதன்மை பெற்றது. ஏரிகள் பல தூர்ந்தன. 1876 முதல் 1878 வரை தென்னகத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நிலமுடையோர் நிலத்தை இழந்தனர், நிலமற்றோர் கப்பலேறினர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும் அந்நூற்றாண்டில் சென்ற தமிழர்களுள் வறட்சியால் விரட்டப்பட்டோர் ஏராளம். குளத்துக்கு மனுச் செய்ய ஒரு காணி நிலமேனும் வேண்டும். அதுவும் இல்லாதவர்களின் வழித்தோன்றல்களே இன்று இந்நாட்டில் வாழும் நம்மில் பலர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

அப்பஞ்சத்தை ஆராய்ந்த ஆணையம் 1880ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. குடியானவர் தம் நிலத்தைத் தாமே சீர்படுத்திக்கொள்ள அரசு கடன் தர வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1871ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் இருந்தது; ஆயினும் அது போதிய பயன் தரவில்லை. அதனை நீக்கி 1883ஆம் ஆண்டின் 19ஆவது சட்டமாக நிலச் சீர்திருத்தக் கடன் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழும், அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட வேளாளர் கடன் சட்டத்தின் கீழும் அளிக்கப்பட்ட தொகையைத் தமிழக மக்கள் ‘தக்காவிக் கடன்’ என்றனர். வலுவூட்டுதல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது அப்பெயர்.

1883ஆம் ஆண்டுச் சட்டம் சில பக்கங்களே கொண்டது. ஆயினும், கோப்புகளோடு பழகியோர்க்கு அதனைப் படிப்பதே ஓர் இன்பம். கடன் தரத்தக்க வேலைகளை அடுக்கும் 4ஆம் பிரிவு, கிணறுகளையும் குளங்களையும் முதலில் வைத்துள்ளது. வேளாண்மைக்கு மட்டுமன்றி, வேளாண்மையில் ஈடுபடும் மனிதரும் மாடும் பயன்படுத்துதற்குரிய நீரைத் தேக்கவும் கடன் பெறலாம். அந்த வேலையைச் செய்ய உரிமையுடையவர் கேட்கலாம்; அவர் இசைந்தால் பிறரும் கேட்கலாம். 6ஆம் பிரிவின்படி, கடனைத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்தும் காலம் சாதாரணமாக 35 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. செலுத்தத் தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே அது வசூலிக்கப்படும். 11ஆம் பிரிவு ஒரு பெரும் சலுகையை அளித்தது. கடன் பெற்றுச் சீர்படுத்தியதால் நிலத்தின் மதிப்பு உயருமாயின், அவ்வுயர்வைக் காரணம் காட்டி நிலவரியை உயர்த்துதல் கூடாது. புன்செய் நிலம் பாசன நிலமாக மாறினால், குறித்த காலம் கழிந்த பின் அவ்வுயர்வைக் கணக்கில் கொள்ளலாம் என்று விலக்கு இருந்தது.

இவற்றினும் சிறப்பு வாய்ந்தது 5ஆம் பிரிவு. விண்ணப்பம் வந்ததும், தேவை எனக் கருதினால் அதிகாரி பொது அறிவிப்பு வெளியிடலாம். ஆட்சேபணை உடையோர் குறித்த நாளில், குறித்த இடத்தில் தோன்றித் தம் கூற்றை எடுத்துரைக்கலாம். அதிகாரி ஒவ்வோர் ஆட்சேபணையையும் ஆராய்ந்து, ஏற்றோ தள்ளியோ எழுத்து வடிவில் ஆணையிட வேண்டும். உரிமையியல் நீதிமன்றமே தீர்க்கத்தக்க சிக்கலாயின், அது தீரும் வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டும். போருமாமிள்ளாக் கல்வெட்டு ‘எல்லைக் குற்றம்’ என்று கூறியதை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஆங்கிலேயர் ஒரு விசாரணை முறையாக எழுதி வைத்தனர். ஒருவர் நிலத்தில் அமையும் குளம் அவருக்கு மட்டுமே உரிய காரியமன்று என்பதை இரண்டும் ஒப்புக்கொண்டன.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் நடைமுறை வேறாயிற்று. மனு கிராமத்தில் தொடங்கிக் கணக்குப்பிள்ளை, வருவாய் அலுவலர், தாசில்தார் என ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருந்தது. நிலத்தின் உரிமை சரிபார்க்கப்பட்டு, இடம் பார்வையிடப்பட்டு, பிணை ஏற்கப்பட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடும். இடையில் கைநீட்டுவோரும் இருந்தனர். வட்டிக்கடைக்காரரோ அன்று மாலையே பணம் தந்தார். வட்டிதான் கழுத்தை நெரித்தது. வாரத்துக்குப் பயிரிட்டோர் நிலவுடைமையாளரின் இசைவின்றி மனுச் செய்யவும் இயலவில்லை. சென்னை மாகாணத்தில் பிரெடெரிக் நிக்கல்சன் வேளாண் கடன்கள் பற்றி ஆராய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளும், அவற்றின் வழி 1904ஆம் ஆண்டில் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், அரசுக் கடனுக்கும் வட்டிக்கடைக்கும் இடையே மூன்றாவது வழியொன்றைத் தேடியதன் பயனே ஆகும்.

தக்காவிக் கடன் பெற்றோரிலும் பெரும்பாலோர் வெட்டியது கிணறே; குளம் வெட்டியோர் சிலரே. காரணம் எளிது. கிணறு சில அடி நிலத்தையே கொள்ளும். குளமோ விளையும் நிலத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கிணற்று நீரை இறைப்பவர் தாமே அனுபவிப்பார். குளத்து நீர் கசிந்து அண்டை வீட்டாரின் கிணற்றையும் நிரப்பும். தன் நிலத்தை இழந்து, தன் பேரில் கடன் வாங்கிப் பிறர் கிணற்றை நிரப்ப எத்தனை பேர் முன்வருவர்? குளத்தின் பயன் ஊருக்கும் செல்வதால்தான் அதன் செலவில் ஊரும் பங்கேற்க வேண்டும் என்ற வாதத்துக்கு இதுவே அடிப்படை. ஆனால் 1883ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது கடன், பங்கு அன்று.

விடுதலைக்குப் பின் அப்பங்கு மானியம் என்ற வடிவில் வந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பொது இடங்களில் நீர்நிலைப் பணிகளை முதன்மையாக வைத்ததோடு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், நிலச்சீர்திருத்தத்தால் நிலம் பெற்றோர் ஆகியோரின் சொந்த நிலத்திலும் பாசன வசதி அமைக்க இடமளித்தது. 2009ஆம் ஆண்டில் சிறு, குறு விவசாயிகளும் அதில் சேர்க்கப்பட்டனர். தமிழகத்தில் ‘பண்ணைக்குட்டை’ என வழங்கப்படும் சிறு குளங்கள் பலவும் அவ்வழியில் தோன்றியவையே. சொந்த நிலத்தில் குளம். தோண்டுவோர்க்கு அரசுக் கூலி. செப்பேட்டுக் காலத்தில் அனுமதி மட்டுமே பெற்ற குடி, பஞ்ச காலத்தில் கடன் பெற்று, இறுதியில் கூலியையும் பெற்றது.

மத்தியப் பிரதேச மாநிலத்தின் தேவாஸ் மாவட்டத்தில் நடந்ததோ இவற்றினின்று வேறுபட்டது. கரிசல் மண் நிறைந்த மாளவப் பீடபூமியில் உள்ள அம்மாவட்டத்தில் குளங்கள் தூர்ந்து, ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நிலத்தடி நீர் வற்றியது. 1990ஆம் ஆண்டில் தேவாஸ் நகருக்குத் தொடர்வண்டியில் குடிநீர் கொண்டு வரும் நிலை ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டில் அங்கே மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற உமாகாந்த் உம்ராவ் பொறியியல் பயின்றவர். நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சுவோர் பெருநிலக்கிழார்களே என்பதைக் கண்ட அவர், ஏழைகளிடம் செல்லாது முதலில் அவர்களிடமே சென்றார். நிலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் குளம் வெட்டுங்கள், எஞ்சிய நிலம் இரு போகம் விளையும் என்பது அவர் கூறிய கணக்கு. அரசு நிருவாகம் இடம் தேர்ந்து தொழில்நுட்ப அறிவுரை வழங்கியது. தொடக்கத்தில் செலவு முழுவதும் குடியானவருடையதே.

தசபந்தத்தில் குளம் கட்டியவர் பெற்ற பங்கின் பெயரிலும் பத்து என்ற எண் இருந்தது. தேவாஸில் குளத்துக்கு விட்டுக்கொடுத்த நிலமும் பத்தில் ஒரு பங்கே. இவ்வொற்றுமை தற்செயலே ஆயினும் சுவையானது. அக்குளங்களுக்கு நருமதையின் மற்றொரு பெயரால் ‘ரேவா சாகர்’ என்றும், வெட்டியோர்க்குக் கங்கையைக் கொணர்ந்த முன்னோனின் பெயரால் ‘பகீரத உழவர்’ என்றும் பெயரிட்டனர். கரை உயர்ந்தபோது அதைக் காணப் பக்கத்து ஊரார் வந்தனர், தாமும் வெட்டினர். ஆயிரக்கணக்கான குளங்கள் எழுந்தன. மக்கள் முயற்சியைக் கண்ட பின்னரே மாநில அரசு, கலப்பை ஏந்திய பலராமரின் பெயரால் ‘பலராம் தாலாப்’ என்னும் திட்டத்தை வகுத்து, செலவில் ஒரு பகுதியை மானியமாக அளிக்கலாயிற்று. முதலில் குடி, பின்னர் அரசு என்ற வரிசை இங்கே அமைந்தது. மானியம் முன்னே வந்திருந்தால் இத்துணை ஆர்வம் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

மகாராஷ்டிர அரசு 2016ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமோ கேட்போர்க்கெல்லாம் கதவைத் திறந்தது. ‘மாகேல் த்யாலா ஷேத்தளே’ என்பது அதன் பெயர். கேட்டவர்க்குப் பண்ணைக்குளம் என்பது பொருள். குடபுலவியனார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருக்கத்தக்க பெயர்! முப்பது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் உடைய குளத்துக்கு ரூ.50,000 வரை மானியம் அளிக்கப்பட்டது. செங்குத்தாகத் தோண்டினால் அது 27 இலட்சம் லிட்டர் கொள்ளும். சரிவுக் கரை வைப்பதால் கொள்ளளவு குறையும். மழைநீரைத் தேக்கி, பயிர் வாடும் வேளையில் ஒரு முறையோ இரு முறையோ பாய்ச்ச வேண்டும் என்பதே நோக்கம்.

திராட்சையும் மாதுளையும் பயிரிடுவோர் பலர் அக்குளங்களின் அடியில் நெகிழித்தாளை விரித்தனர். மழைநீர் மட்டும் நிரப்பினால் குளம் நிறையாது. ஆகவே மழைக்காலம் முடிந்ததும் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் இருந்து நீரை இறைத்து அதில் நிரப்பினர். நிலத்தடியில் எல்லார்க்கும் பொதுவாகக் கிடந்த நீர், தாள் விரித்த ஒருவரின் குளத்துக்குள் வந்து சேர்ந்தது. அதிலிருந்து ஒரு துளியும் மண்ணுக்குள் திரும்பவில்லை. வெயில்தான் ஒரு பகுதியைக் கொண்டு சென்றது. முன்னே இறைத்தவருக்கு நீர். பின்னே இறைக்க வந்தவருக்கு வெறுங்கிணறு. பழத்தோட்டம் வைத்தவர்களையும் முற்றும் குறை கூறுவதற்கில்லை. ஒரு கோடை பொய்த்தால் பல ஆண்டு உழைப்பும் கடனும் கருகிவிடும் என்ற அச்சம் அவர்களுடையது. கோடை முதிர்ந்த காலத்தில் அப்பகுதிச் சிற்றூர்கள் சிலவற்றில், வேலியிட்ட நிலத்துக்குள்ளே நீல நிறத் தாளின் மேல் நீர் ததும்பி நிற்க, வேலிக்கு வெளியே சாலையோரத்தில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.